முளையில் தெரிவது எவ்வளவு?

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாபேட்டையில் கைத்தறி நெய்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு. எட்டாம் வகுப்புக் கணக்குகளைத் தானே போடுகிறாள். ‘விளையும் பயிர் முளையிலே தெரியும், ஏழாவதில் சேர்த்துவிடு’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். இந்தக் கெட்டிக்காரத்தனம் கடைசிவரை கைகொடுக்குமா?

க.

அன்புள்ள க.,

கைகொடுக்கும், அது மட்டும் போதாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1921இல் தொடங்கி, அறிவுத்திறன் சோதனையில் உச்சத்தில் இருந்த சுமார் 1,500 கலிஃபோர்னியப் பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை கவனித்தார். பெரும்பாலோர் நன்றாகவே வந்தார்கள். ஆனால் நோபல் பரிசு பெற்றவர்கள், அந்தச் சோதனையில் தேறாமல் விடப்பட்ட ஷாக்லி, அல்வாரெஸ் என்ற இயற்பியலாளர்கள்தான். குழுவிலேயே மிக முன்னேறிய ஆண்களையும் பின்தங்கியவர்களையும் ஒப்பிட்டபோது, சிறுவயது மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. விடாமுயற்சி, தன்னம்பிக்கை, வீட்டுச் சூழல் இவற்றில்தான் இருந்தது.

பார்த்ததும் எல்லாம் வந்துவிடுகிற பிள்ளைக்குத் திணறிப் பழக்கம் இருக்காது. பிளஸ் ஒன்னில் முதன்முறையாக ஒரு கணக்கு வராதபோது, தனக்கு மூளை இல்லை என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவிடும். எனக்கு இதுதான் கவலை.

தமிழிலும் அறிவியலிலும் அதே வேகம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வகுப்பைத் தாண்ட வேண்டாம். கணக்கை மட்டும் முன்னே விடுங்கள். தினம் அரை மணி போதும். பத்துக் கணக்கில் மூன்று வராமல் இருக்க வேண்டும். பத்தும் வந்தால் புத்தகம் எளிது. வராத கணக்கோடு 20 நிமிடம் உட்காரட்டும், அதுவரை குறிப்புச் சொல்லாதீர்கள். தவறிய வழிகளை அழிக்காமல் நோட்டில் வைக்கட்டும்.

உங்கள் தறியிலேயே நல்ல கணக்கு இருக்கிறது. அகலம் 48 அங்குலம், அங்குலத்துக்கு 72 இழை, நீளவாக்கில் ஓடும் பாவு இழையின் நீளம் 10 கஜம், ஒரு சிட்டா (நூல் சுருள்) 840 கஜம். எத்தனை சிட்டா நூல் வேண்டும்? 41க்குச் சற்று மேல் வரும். பிறகு, நெய்த துணி ஏன் பாவைவிடக் குட்டையாகிறது என்று கேளுங்கள். பாவு இழை, குறுக்கே போகும் ஊடைக்கு மேலும் கீழுமாய் வளைந்து போவதை அவளே தறியில் குனிந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வாரம் ஆனாலும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

விருந்தாளிகள் முன்னால் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வதை இன்றே நிறுத்துங்கள். கைதட்டலுக்குப் பழகிய பிள்ளை, தெரியாத கணக்கைத் தொடவே பயப்படும்.

அரசுப் பள்ளி அல்லது உதவி பெறும் பள்ளி என்றால், எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி, திறன் படிப்புதவித் தேர்வு எழுத வையுங்கள். தேர்வானால் ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். வருமானச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.