குடம்புளி என்றால் என்ன? மீன் குழம்பில் அதை ஏன் போடுகிறார்கள்?

பூசணி மாதிரி வரி வரியாக இருக்கும் ஒரு சின்ன மஞ்சள் பழத்தின் தோல்தான் குடம்புளி. வெயிலிலும் புகையிலும் காய்ந்து கருப்பாகி, பதனிட்ட மாட்டுத்தோல் துண்டு போல ஆகிவிடும், முகர்ந்தால் லேசாகப் புகை வாசம் வரும். கேரளத்திலும் கன்னியாகுமரி பக்கமும் மீன் குழம்புக்கு இதுதான். இலங்கையில் இதன் பெயர் கொறக்காய்.

நம் வழக்கமான புளியைக் கரைத்து ஊற்றுகிறோம், இதைக் கரைக்க முடியாது. நாலைந்து துண்டைக் கழுவி, கொஞ்ச நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு அப்படியே குழம்பில் போட வேண்டும். டீத்தூள் பையைக் கோப்பையிலேயே விட்டால் சாயம் இறங்கிக்கொண்டே இருக்குமே, அதே கதைதான், அதனால் மறுநாள் குழம்பு இன்னும் புளிக்கும் (எனக்கு அந்த மறுநாள் குழம்புதான் உசத்தி). புளிப்பு போதும் என்றால் துண்டுகளை எடுத்துவிடுங்கள்.

காரணம் ருசி மட்டும் இல்லை. அமிலம் ஏறினால் கிருமிகள் சீக்கிரம் பெருகாது, ஊறுகாய் கெடாத மாதிரி. சிங்களவர்கள் சூரை மீனில் இதை அரைத்துப் பூசி வற்றவைக்கும் அம்புல் தியல் சில நாள் தாங்குவது இதனால்தான்.

வைத்தியத்தில் வயிற்றுக் கோளாறுக்கும் வாதத்துக்கும் கஷாயமாகக் கொடுப்பதுண்டு.

அப்புறம், குடம்புளி மாத்திரை எடை குறைக்கும் என்பதை நம்பாதீர்கள்: 1998-ல் வெளியான ஒரு ஆய்வில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அது எடையைக் கூடுதலாகக் குறைக்கவில்லை, இந்த வகை மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு.