காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, சுருட்டுப் பழக்கம் உண்டு. மார்கழி மழையோடு காய்ச்சல் வந்தது. எக்ஸ்ரே பார்த்த டொக்டர் நியூமோனியா என்று 5 நாளுக்கு அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் தந்தார். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. குளிசையை முழுவதும் போட்டு முடித்தார். ஆனால் இருமல் தொடங்கி 18 நாளாகிவிட்டது, இன்னும் நிற்கவில்லை. கனடாவிலிருந்து வந்த மாமி தன்னிடம் மிஞ்சிய லெவோஃப்ளொக்சசின் என்ற இன்னொரு அன்டிபயோட்டிக்கைத் தந்து, "இது நல்ல பவர், குடு" என்கிறா. கொடுக்கலாமா?
- வாசகி, கொடிகாமம்

பதில்: வேண்டாம் தங்கச்சி. முதல் மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. காய்ச்சல் விட்டதே அதற்குச் சாட்சி. அன்டிபயோட்டிக் கிருமியைத்தான் கொல்லும். காற்றறைகளில் தேங்கிய சளியையும் நீரையும் உடம்புதான் மெல்ல வெளியேற்ற வேண்டும். நியூமோனியாவில் இருமல் நன்றாகக் குறைய 6 கிழமை வரை போகும். களைப்பு முற்றாகப் போக 3 மாதத்துக்கு மேலும் ஆகலாம்.

மாமியின் குளிசையில் எனக்குள்ள பயம் வேறு. லெவோஃப்ளொக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும், ஆனால் தனியே நின்று அந்த நோயைக் குணப்படுத்தாது. என்னிடம் வந்த ஒரு ஐயா இப்படியான குளிசையை இரண்டு தரம் வாங்கிப் போட்டிருந்தார். ஒவ்வொரு தரமும் இருமல் கொஞ்சம் தணிந்தது, பிறகு திரும்ப வந்தது. காசநோய் என்று கண்டுபிடிக்க மாதக்கணக்காகிவிட்டது. அதற்குள் வீட்டில் பேரப்பிள்ளைக்கும் தொற்றிவிட்டது. அந்தப் பிள்ளையின் முகம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அதோடு, 60 வயது தாண்டியவர்களுக்கு இந்த மருந்து குதிக்காலின் தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) அறுத்துவிடவும் கூடும்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் சளியைப் பரிசோதிக்கத்தான் வேண்டும். அரசாங்க மார்புநோய் சிகிச்சை நிலையத்தில் காசில்லாமல் செய்வார்கள். அப்பா சுருட்டுக் குடிப்பவர் என்பதால் 6 கிழமை கழித்து எக்ஸ்ரேயும் திரும்ப எடுங்கள். நியூமோனியாவின் நிழலுக்குப் பின்னால் கட்டி ஏதும் மறைந்திருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

அப்பா சும்மா இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணிப் பாருங்கள். 30 அல்லது அதற்கு மேல் என்றாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, உதடு நீலமானாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். காய்ச்சல் திரும்பி வந்தால் அன்றே டொக்டரிடம் காட்டுங்கள்.

சுருட்டைப் பற்றி நீங்கள் சண்டை பிடிக்க வேண்டாம். எக்ஸ்ரே பார்க்கும் டொக்டரையே அப்பாவிடம் நேரே சொல்லச் சொல்லுங்கள்.