வெள்ளையடிக்கும் முன் வில்லங்கம் பாருங்கள்

வீடு, மனை, பத்திரம்: வாசகர் கேள்விகளுக்கு ராமநாதபுரம் ஆவண எழுத்தர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: ஐயா, வேதாளையில் அப்பா 1992-ல் கட்டிய வீட்டை விற்க நினைக்கிறோம். அப்பா உயில் எதுவும் எழுதாமல் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அம்மா மதுரையில் என்னோடு இருக்கிறார். அக்காவைத் தொண்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம், தம்பி துபாயில் வேலை பார்க்கிறான். அப்பத்தா உச்சிப்புளியில் சித்தப்பா வீட்டில் இருக்கிறார். வீட்டுச் சுவரெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கிறது. புரோக்கர் ஒருவர், "பூசி பெயின்ட் அடிச்சா விலை கூடும், அட்வான்ஸ் நான் தர்றேன், எனக்கு பவர் எழுதிக் குடுத்துருங்க" என்கிறார். அக்காவுக்குத்தான் நகை போட்டாயிற்றே, கையெழுத்து மட்டும் வாங்கினால் போதும் என்கிறான் தம்பி. இதுவரை எதையும் விற்றுப் பழக்கமில்லை. எங்கே தொடங்குவது?
– வாசகி, மதுரை

பதில்: தாயி, பெயின்ட் டப்பாவைத் தொடாதீர்கள். பவரிலும், அதாவது உங்கள் சார்பில் விற்க இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரத்திலும், கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் இந்த வீடு யார் யாருடையது என்பதைக் காகிதத்தில் தெளிவாக்குங்கள்.

அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிக் கட்டி, உயில் எழுதாமல் போனதால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகள் மூவருக்கும் சமபங்கு. அதோடு நின்றுவிடவில்லை. மகன் இறந்தால் அவனைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. உச்சிப்புளியில் இருக்கும் உங்கள் அப்பத்தாவுக்கும் பங்கு உண்டு. ஆக ஐந்து பேர், ஐந்தில் ஒன்று வீதம். அப்பத்தாவை விட்டுவிட்டு விற்றால், அவர் காலத்துக்குப் பிறகு சித்தப்பா பிள்ளைகள் கேட்டு வரலாம். வாங்குகிறவரின் வக்கீல் வாரிசுச் சான்றைக் கையில் எடுத்ததும் முதலில் தேடுவது இந்தப் பெயரைத்தான்.

அக்கா விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். கல்யாணத்தில் போட்ட நகை வேறு, வீட்டில் உள்ள பங்கு வேறு. நகை போட்டதால் பங்கு கழிந்துவிடாது. பணம் வேண்டாம் என்று அவரே மனதாரச் சொன்னால், பங்கை விட்டுக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அப்படிச் சொல்லாவிட்டால் அவருடைய ஐந்தில் ஒரு பங்குப் பணம் அவர் வங்கிக் கணக்குக்கே போகட்டும். கையெழுத்துக்கு மட்டும் ஆள் அனுப்பி அக்காவைக் கூப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. விலை பேசும் நாளிலேயே அவரையும் உட்கார வையுங்கள்.

இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள், தாசில்தார் தருவார். அதை வைத்துப் பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே வில்லங்கம், அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம், போட்டுப் பார்க்கலாம். அப்பா எப்போதோ அடமானம் வைத்து அடைத்த கடன்கூட, கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரம் பதியாமல் விட்டிருந்தால் அதில் நிற்கும். பத்திரத்தில் உள்ள அளவும் நில அளவை வரைபடமான புலப்படத்தில் உள்ள அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சீமைக்கருவேலத்தை வெட்டி எல்லைக் கல்லை வெளியே கொண்டுவாருங்கள். கல் காணாமல் போயிருந்தால் சர்வேயருக்குப் பணம் கட்டி அளந்து ஊன்றுங்கள். அளக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் கூட நிற்கட்டும்.

இனி பவர். தம்பி வர முடியாவிட்டால் அவர் துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் உங்கள் பெயருக்கோ அம்மா பெயருக்கோ பவர் எழுதி அனுப்பட்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அது குடும்பத்துக்குள் முடிகிற காரியம். புரோக்கருக்குக் கொடுக்கும் பவர் அப்படி இல்லை. வீட்டை யாருக்கு, என்ன விலைக்குக் கொடுப்பது என்ற முடிவே அவர் கைக்குப் போய்விடும். பவரை வைத்து மட்டும் சொத்துக் கை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் அட்வான்ஸ் ஆசை காட்டிப் பவர் வாங்குவது இன்றைக்கும் நடக்கிறது. புரோக்கருக்குக் கமிஷன் பேசுங்கள், நியாயமாகக் கொடுங்கள். வீட்டின் கடிவாளத்தைக் கொடுக்காதீர்கள்.

இப்போது சுவருக்கு வருவோம். நம் கடற்கரையில் உப்பு இரண்டு வழியாகச் சுவருக்குள் வருகிறது. கட்டும்போது கலந்த உவர் மணலும் உவர்த் தண்ணீரும் ஒன்று, அஸ்திவாரம் வழியாக மேலேறும் ஈரம் இன்னொன்று. ஈரம் காயும்போது உப்பு மட்டும் மேலே வந்து பூக்கும், காரையைத் தள்ளும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் அடுத்த வாடைக்காற்றும் மழையும் வரும்வரைதான் நிற்கும். பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் சிமென்ட் பூசவே வேண்டாம், ஈரம் உள்ளேயே அடைந்துகொள்ளும். காய்ந்த தென்னந்துடைப்பத்தால் உப்பைத் தேய்த்து எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்தால் போதும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அந்த உப்பு கரைந்து மறுபடி உள்ளே இறங்கும்.

செலவு செய்வதானால் மேற்கூரைக்குச் செய்யுங்கள். கம்பு ஒன்றால் தளத்தின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் கேட்கும் இடத்தில் உள்ளே கம்பி துருவேறி ஊதியிருக்கிறது என்று அர்த்தம். துருப்பிடித்த கம்பி பருத்து கான்கிரீட்டைப் பிளக்கும். அந்த இடத்தைக் கொத்தி, கம்பியைச் சுத்தம் செய்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, நல்ல தண்ணீர் கலந்த கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். பழுது பார்த்தது வாங்க வருகிறவருக்குத் தெரியட்டும், நீங்களே காட்டுங்கள். வருகிறவரும் இந்தக் கரையில் பிறந்தவராகத்தான் இருப்பார். உப்புச் சுவர் அவருக்குப் புதிதில்லை. கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பார், காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்பார். கிணற்றைத் தூர் வாரி வையுங்கள். வீட்டுவரி ரசீது, மின்கட்டண ரசீது எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

வாங்குகிறவர் இடித்து லாட்ஜ் கட்டும் எண்ணத்தோடு வந்தால் ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள். உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. நினைத்தபடி மாடி எழுப்ப முடியாது. இதை மறைத்து வாங்கும் கூடுதல் விலை பிறகு வழக்காகத் திரும்பி வரும்.

விலை படிந்ததும் கிரய அக்ரிமென்ட். தமிழ்நாட்டில் அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிந்தால் அது வில்லங்கத்தில் ஏறும். வாங்குகிறவர் பின்வாங்கினால் ரத்துப் பத்திரம் எழுதும்வரை உங்கள் வீடு முடங்கிக் கிடக்கும். அதனால் கெடு மூன்று மாதத்தைத் தாண்ட வேண்டாம். கெடு தப்பினால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பணம் முழுவதும் வங்கி வழியாகவே வரட்டும். வீடு விற்பதில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம். "பாதி வெள்ளை, பாதி கறுப்பு" என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வருமான வரியில், 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். லாபத்துக்கு, விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப அடக்க விலையைக் கூட்டிக்கொள்ளும் பணவீக்கச் சலுகை இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது சலுகையோடு 20 சதவீதம். இங்கே வசிக்கும் உங்களுக்கு எது குறைவோ அது. விற்றதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ, லாபத்தில் அதில் போட்ட அளவுக்கு வரி இல்லை. தம்பி வெளிநாட்டுவாசி என்பதால் அவர் பங்கில் வாங்குகிறவர் வரி பிடித்துக் கட்ட வேண்டும். இதை முன்கூட்டியே இருவருக்கும் சொல்லி, ஆடிட்டர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் நிக்காஹ்வின்போது உம்மா இந்த வீட்டை வாயால் சொல்லி எனக்குக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். பத்திரம் உம்மா பெயரிலேயே இருக்கிறது. உம்மா மவுத்தாகிவிட்டார்கள். காக்காமார், அதாவது அண்ணன்மார், இரண்டு பேர். நான் விற்க முடியுமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: மகளுக்கு வீடு கொடுப்பது உங்கள் ஊரின் நெடுநாள் வழக்கம். கொடுப்பதாகச் சொல்லி, நீங்கள் ஏற்று, வீடும் உங்கள் கைக்கு வந்திருந்தால் வாய்மொழி ஹிபா, அதாவது வாயால் சொல்லிக் கொடுக்கும் தானம், இஸ்லாமியச் சட்டப்படி செல்லும். ஆனால் வாங்குகிறவருக்குக் கடன் தரும் வங்கி காகிதம் கேட்கும். காக்காமார் இருவரும் அந்த ஹிபாவை ஒப்புக்கொண்டு, தங்களுக்கு உரிமை ஏதும் இருந்தால் அதையும் விட்டுக் கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யட்டும். அவர்கள் நல்ல மனதோடு இருக்கும் இப்போதே செய்துவிடுங்கள். வாப்பா இருந்தால் அவர் கையெழுத்தும் வேண்டும்.

கேள்வி: தாத்தா காலத்துத் தேக்கு வாசல் கதவையும் ஊஞ்சலையும் விற்கும் வீட்டிலிருந்து எடுத்துப் போகலாமா?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: நிலையோடு பொருந்திய கதவு வீட்டோடு சேர்ந்தது. ஊஞ்சல் கழற்றக்கூடியது என்றாலும் தகராறுக்கு இடம் உண்டு. இரண்டையும் நீங்கள் எடுத்துக்கொள்வதாக அக்ரிமென்டிலேயே எழுதிவிடுங்கள். கதவை எடுத்தால் அந்த இடத்தில் வேறு கதவு மாட்டிக் கொடுப்பதாகவும் சேர்த்து எழுதுங்கள். வாங்குகிறவர் பெரும்பாலும் சம்மதிப்பார்.