50 வெள்ளிக்காசு கடன்பட்டவர்

கேள்வி: விசுவாசக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு பள்ளியிலேயே வளர்ந்தவள் நான். பெரிய பாவம் என்று சொல்லும்படி எதுவும் செய்ததில்லை. எங்கள் சபையில், குடியிலிருந்து மீட்கப்பட்ட ஒரு சகோதரர் சாட்சி சொல்லும்போதெல்லாம் அழுதுவிடுவார். எனக்கு அப்படிக் கண்ணீர் வந்ததே இல்லை. 'எவனுக்குக் கொஞ்சம் மன்னிக்கப்படுகிறதோ, அவன் கொஞ்சமாய் அன்புகூருவான்' என்ற வசனத்தைப் படித்தால் பயமாக இருக்கிறது. என்னால் தேவனைக் கொஞ்சமாகத்தான் நேசிக்க முடியுமா?

பதில்: அன்பான சகோதரிக்கு,

அந்த வசனம் வருகிற வீட்டுக்கே போய்ப் பார்ப்போம் (லூக்கா 7:36-50). யூத நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட பரிசேயர்களில் ஒருவனாகிய சீமோன் வைத்த விருந்து. ஊரே பாவி என்று சொன்ன ஒரு பெண் இயேசுவின் பின்னால் வந்து நின்று, கண்ணீரால் அவர் பாதங்களை நனைத்து, தலைமயிரால் துடைக்கிறாள். கதை முடியும்வரை அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அப்போதுதான் இயேசு சீமோனிடம் இரண்டு கடன்காரரைப் பற்றிச் சொல்கிறார். ஒருவனுக்கு 500 வெள்ளிக்காசு கடன், மற்றவனுக்கு 50. திராட்சத்தோட்டத்து உவமையில் ஒரு நாள் கூலியாக வருவதும் இதே காசுதான். அப்படிப் பார்த்தால் 50 காசு என்பது கிட்டத்தட்ட இரண்டு மாத உழைப்பு. 500 காசுக்கு ஒன்றரை வருஷத்துக்கும் மேல் உழைக்க வேண்டும். வித்தியாசம் பெரியதுதான். ஆனால் இரண்டு பேருக்குமே கடனைத் தீர்க்க 'நிர்வாகமில்லாதபோது', அதாவது வழியில்லாதபோது, கடன் கொடுத்தவன் மன்னித்தான் என்று இருக்கிறதே, அங்கே கொஞ்சம் நில்லுங்கள். 50 காசுக்காரன் கையிலும் ஒன்றுமில்லை. அவனையும் முழுசாக மன்னித்தால்தான் உண்டு.

சரி, சீமோனுடைய கடன் என்ன? இயேசு திருட்டையோ விபசாரத்தையோ சொல்லவில்லை. கால் கழுவத் தண்ணீர் தரவில்லை, முத்தம் தரவில்லை, தலையில் எண்ணெய் பூசவில்லை என்கிறார். இவ்வளவும் அவன் மேஜையில், அவன் கண்ணெதிரே நடந்தவை. அவனுக்குத்தான் தெரியவில்லை.

நானும் உங்களைப் போல வளர்ந்தவன்தான். ஒருமுறை ஒரு நண்பர் மன்னிப்புக் கேட்க வீடு தேடி வந்தார். தப்பு அவர் பக்கம், அதில் சந்தேகமில்லை. நான் "பரவாயில்லை" என்றேன். ஆனால் கையிலிருந்த பேப்பரைக் கீழே வைக்கவில்லை. அவர் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். சில நாள் கழித்து இந்தப் பகுதியை வாசித்தபோது, 'நீ என் கால்களுக்குத் தண்ணீர் தரவில்லை' என்ற இடத்தில் எனக்கு அந்த பேப்பர்தான் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. அன்றைக்கு நான் தேவனிடம் கேட்ட மன்னிப்பு வெறும் வாய்ப்பாடாக இல்லை. அதற்குப் பிறகு வந்த நன்றியும் அப்படித்தான்.

பவுலையும் பாருங்கள். நியாயப்பிரமாணத்தின்படி குற்றமில்லாதவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள முடிந்தவர், 'பாவிகளில் பிரதான பாவி நான்' என்று எழுதுகிறார். எழுதும்போது அவர் ஊழியத்தில் பழுத்தவர். கிறிஸ்துவை நெருங்க நெருங்க, தன் கடன் எவ்வளவு என்பதும், மன்னித்தவர் எவ்வளவு நல்லவர் என்பதும் சேர்ந்தே தெரியவந்திருக்கிறது.

அதற்காக இல்லாத பாவத்தைத் தோண்டி எடுக்காதீர்கள். அந்தச் சகோதரரின் பழைய வாழ்க்கைக்காக ஏங்கவும் வேண்டாம். அவர் வீட்டில் எத்தனை பேர் அதனால் அழுதார்களோ! வாலிபத்தில் வெகுதூரம் வழிதப்பிப் போய்த் திரும்பி வந்தவர், ஆதிச் சபையின் பேராயர் அகஸ்டின். அவரே இந்தப் பகுதியைப் பிரசங்கித்தபோது, விழாமல் காக்கப்பட்டவனும் தேவனுக்கே கடன்பட்டவன் என்றார். நீங்கள் காக்கப்பட்டதும் கிருபைதான். அதற்கும் நன்றி சொல்லலாமே.

இன்னொன்று. தவணை கட்டுகிற மாதிரி ஜெபமும் ஊழியமும் செய்துகொண்டிருந்தால் களைப்புதான் வரும். கடன் ஏற்கெனவே தள்ளுபடியாகிவிட்டது.

இன்று இரவு 'எங்கள் பாவங்களை மன்னியும்' என்று மொத்தமாக முடித்துவிடாமல், யாரிடம் முகம் கொடுக்காமல் போனீர்களோ அவர் பெயரைச் சொல்லியே கேளுங்கள். கேட்டதும் எழுந்துவிடாதீர்கள். 103-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள தூரத்துக்கு நம் பாவங்களை விலக்கினார் என்ற 12-ஆம் வசனம் வரும்போது, இப்போது அறிக்கையிட்டதும் அதில் அடக்கம் என்று நம்புங்கள். கண்ணீர் வராவிட்டால் போகட்டும். நன்றி என்று ஒரு வார்த்தை வந்தால் அதை அவரிடம் சொல்லுங்கள். அப்புறம், காலையில் அந்த நபருக்கு ஒரு போன் செய்யுங்கள்.