மரவள்ளி ஸ்டார்ச்சில் கார்பன் புள்ளிகள்: ஒளி ஏன் தெரியவில்லை?

கார்பன் புள்ளிகள் (புற ஊதா ஒளியில் ஒளிரும், சில நானோமீட்டர் அளவுள்ள கார்பன் துகள்கள்) செய்ய, மரவள்ளி ஸ்டார்ச்சை ஆட்டோகிளேவில் (இறுக மூடிய அழுத்தக் கலனில்) 180 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம் வைத்தும் கரும்பழுப்புத் திரவம்தான் வந்தது, புற ஊதா விளக்கில் நீலமே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கொட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் செறிவுதான் சிக்கல்: அடர்ந்த கரைசல் விளக்கின் ஒளியையும் தான் உமிழும் ஒளியையும் தானே விழுங்கிவிடும். கருந்தூளை மையவிலக்கியில் பிரித்து, தெளிந்த நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டு, அதில் ஒரு துளியை 10 மில்லி தண்ணீரில் கலந்து 365 நானோமீட்டர் விளக்கில் பாருங்கள்.

அப்படியும் மங்கலா? ஸ்டார்ச்சில் நைட்ரஜன் இல்லை; அது சேர்ந்தால் ஒளிர்வு பெரும்பாலும் கூடும். அடுத்த முறை நைட்ரஜன் உள்ள யூரியாவைக் கொஞ்சம் சேருங்கள். அப்புறம் டயாலிசிஸை (கரைசலை நுண்துளைப் பையில் கட்டித் தண்ணீரில் வைத்து, சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுவதை) விட்டுவிடாதீர்கள். பைக்கு வெளியே உள்ள தண்ணீரும் ஒளிர்ந்தால், அது கார்பன் புள்ளிகளின் ஒளியாக இல்லாமல், சிறு மூலக்கூறுகளின் ஒளியாக இருக்கலாம். கலன் முழுதாக ஆறும் முன் தயவுசெய்து திறக்காதீர்கள்.