பேஸ்மேக்கர் வைத்த பிறகும் படபடப்பு நிற்கவில்லை என்றால் அப்லேஷன் செய்துகொள்ளலாமா?

உங்கள் அப்பாவுக்கு 68 வயது, பேஸ்மேக்கர் பொருத்தி இரண்டு ஆண்டுகள் ஆகியும் படபடப்பு வருகிறது, மருத்துவர் அப்லேஷன் (இதயத்தின் உள்ளே ஒரு சிறு இடத்தைச் சுட்டுச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை) செய்யலாம் என்கிறார், சம்மதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். குடியாத்தத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். இதே கேள்வியோடு வேலூருக்கும் வீட்டுக்குமாகப் பல மாதங்கள் அலைந்த நோயாளி.

2016-இல் பேருந்து நிலையத்தில் இருமுறை மயங்கி விழுந்த பிறகு எனக்குப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். மயக்கம் அதன்பின் வரவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து, இரவில் படுத்தால் நெஞ்சுக்குள் ஏதோ சிறகடிப்பதுபோல் துடிக்கத் தொடங்கியது. கருவி பழுதாகிவிட்டது என்றே நானும் என் மனைவியும் நம்பினோம். கருவியில் பழுது இல்லை. துடிப்பு மெதுவாகும்போது தூண்டிவிடுவதுதான் பேஸ்மேக்கரின் வேலை; இதயத்தின் மேலறைகள் நிமிடத்துக்கு 350 முறைக்கும் மேல் ஒழுங்கின்றி நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை அதனால் அடக்க முடியாது.

ஆகவே சம்மதிப்பதா வேண்டாமா என்பதற்கு முன், எந்த அப்லேஷன் என்று கேளுங்கள். அந்த ஒரே சொல்லால் இரண்டு வேறுபட்ட சிகிச்சைகளைக் குறிக்கிறார்கள். ஒன்று, நுரையீரலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் சிரைகள் இடது மேலறையில் சேரும் இடத்தைச் சுற்றிச் சுட்டு, அங்கிருந்து கிளம்பும் தவறான மின்துடிப்புகளைத் தடுப்பது. இந்த நோயின் தூண்டுதல் பெரும்பாலும் அந்தச் சிரைகளில் பிறக்கிறது என்பதை பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998-இல் காட்டிய பிறகு வளர்ந்த முறை இது. ஒழுங்கான துடிப்பை மீட்பதே இதன் நோக்கம். சிலருக்கு இரண்டாம் முறையும் செய்ய நேரிடும், முதல் மூன்று மாதங்களுக்குள் படபடப்பு வந்தால் அதை உடனே தோல்வியாகக் கருதுவதும் இல்லை.

மற்றொன்று, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருந்து மின்துடிப்பைக் கீழே கடத்தும் ஏ.வி. முனையைச் சுட்டுவிடுவது. மேலறை அப்படியே நடுங்கிக்கொண்டிருக்கும். கீழறையை மட்டும் பேஸ்மேக்கர் சீராக இயக்கும். மருந்துக்கு அடங்காத வேகத்தால் தவிப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி தருகிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் செய்த பிறகு பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை, ஆயுள் முழுவதும் இதயம் அந்தக் கருவியையே நம்பியிருக்கும். வலது கீழறையை மட்டும் எப்போதும் தூண்டிக்கொண்டிருந்தால் சிலருக்கு இதயத்தின் இறைக்கும் திறன் குறைவதும் உண்டு. எனவே இந்த வழி என்றால், இப்போதுள்ள ஒயரே போதுமா, இரு கீழறைகளையும் சேர்த்துத் தூண்டும் வகைக்கு மாற்ற வேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

என்னிடம் முதலில் சொல்லப்பட்டது இந்த இரண்டாவது வழி. உடனே தலையாட்டாமல், பேஸ்மேக்கரில் பதிவாகியிருக்கும் விவரத்தை எடுத்து விளக்குங்கள் என்று கேட்டேன். நான் செய்தவற்றில் மிகவும் பயன்பட்டது அதுதான். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் மேலறை நடுங்கியது என்பதை மேலறையில் ஒயர் உள்ள பேஸ்மேக்கர் பதிந்து வைத்திருக்கிறது. எனக்கு ஏறத்தாழ எல்லாமே நள்ளிரவுக்குப் பின் வந்திருந்தன. அதைப் பார்த்த மருத்துவர் நான் குறட்டை விடுவேனா என்று என் மனைவியிடம் விசாரித்துத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார். உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. இரவில் முகமூடிக் கருவி, துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை (பேஸ்மேக்கர் காவலுக்கு இருப்பதால்தான் அதைத் தாராளமாகத் தர முடிந்தது), தைராய்டு சோதனை, எடைக் குறைப்பு என்று ஆறு மாதம் பார்த்தோம். அடுத்த பதிவில் நடுக்க நேரம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மீதிக்காகச் சிரைகளைச் சுற்றிச் சுடும் முறையைத் தேர்ந்தெடுத்தேன், ஏ.வி. முனையைத் தொடவில்லை.

இதனால் நீங்களும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று பொருளில்லை. நோய் தெரிந்த ஓராண்டுக்குள் ஒழுங்கான துடிப்பை மீட்க முயன்றவர்களுக்குப் பக்கவாதம் போன்ற பெரிய தீங்குகள் குறைந்தன என்று 2020-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியது. அப்பாவுக்கு ஃபிப்ரிலேஷன் அண்மையில்தான் கண்டறியப்பட்டது என்றால், முதல் வகை அப்லேஷனைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் கருத்து.

மேலறை நடுங்கும்போது அங்கே இரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம்; ஆகவே எந்த முடிவானாலும் இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாணியம்பாடியில் என் சம்பந்தி, பேஸ்மேக்கர்தான் வைத்தாயிற்றே என்று அதை நிறுத்தினார். நான்கு மாதத்தில் வலப்பக்கம் செயலிழந்தது. இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை. படபடப்பு அடங்கினாலும் மாத்திரை தேவையா என்பதை வயது, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை வைத்து மருத்துவர்தான் தீர்மானிப்பார். அது வைட்டமின் கே-யால் வேகம் குறையும் அசிட்ரோம் போன்ற மாத்திரை என்றாலும், அந்தச் சத்துள்ள முருங்கைக்கீரையை அடியோடு விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டு, இரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐ.என்.ஆர். சோதனையைத் தவறாமல் செய்துவந்தால் போதும்.

அடுத்த முறை போகும்போது அப்பாவையும் அறைக்குள் அழைத்துச் சென்று, சுடப்போவது சிரைகளைச் சுற்றியா, ஏ.வி. முனையையா என்று அவர் காதுபடக் கேளுங்கள். கிடைத்த பதிலை இங்கே எழுதினால், எனக்குத் தெரிந்த வரையில் மேற்கொண்டு சொல்கிறேன்.