எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, தும்மினால் உயிர் போகிறது

கேள்வி: வயது 22, ஊர் கபடி அணியில் ஆடுகிறேன். 12 நாளைக்கு முன்னால், பாடி வந்தவரை மடக்கிப் பிடித்தபோது அவர் முழங்கால் என் இடது விலாவில் இடித்துவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். ஆனால் தும்மினால், சிரித்தால் உயிர் போகிறது. நெஞ்சை இறுக்கிக் கட்டி, எண்ணெய் போட்டு நீவினால் சரியாகும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். 3 வாரத்தில் திருவிழாப் போட்டி, ஆடலாமா?
- வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: வேண்டாம் தம்பி, இந்தப் போட்டியை விட்டுவிடுங்கள். மெல்லிய கீறலும் குருத்தெலும்பில் பட்ட அடியும் பல நேரம் எக்ஸ்ரேயில் தெரியாது. கீறலாக இருந்தால் கூட சுமார் 6 வாரம் வேண்டும், போட்டியன்று உங்களுக்கு 5 வாரம்கூட ஆகியிருக்காது.

கட்டு போடவே போடாதீர்கள். கை, கால் மாதிரி விலாவை அசையாமல் வைக்க முடியாது, மூச்சு விடும்போதெல்லாம் அது விரிந்து சுருங்கித்தான் ஆக வேண்டும். இறுக்கிக் கட்டினால் மூச்சு மேலோட்டமாகி, சளி உள்ளேயே தேங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். நீவுவதும் கூடாது, விரிசல் இருந்தால் விலகிவிடும். மருத்துவர் கொடுத்த வலி மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள்; அது ஆழமாக மூச்சு இழுப்பதற்காக, ஆடுவதற்காக இல்லை. விழித்திருக்கும்போது மணிக்கு 10 தடவை நிதானமாக ஆழ்ந்து மூச்சு விடுங்கள். இருமல் வந்தால் அடக்காமல், தலையணையை அந்த இடத்தில் அணைத்துக்கொண்டு இருமுங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்துங்கள்.

எனக்குக் கவலை இடது பக்கம் என்பதால்தான். அங்கே கீழ் விலாக்களுக்கு அடியில் மண்ணீரல் இருக்கிறது, அதில் பட்ட அடி சில நாள் கழித்துக்கூட உள்ளே ரத்தக்கசிவாக மாறலாம். வயிற்று வலி, இடது தோளில் வலி, தலைசுற்றல், மூச்சுத் திணறல், இருமலில் ரத்தம், காய்ச்சல், இதில் எது வந்தாலும் நடு ராத்திரியாக இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மற்றபடி படுத்தே கிடக்க வேண்டாம், இப்போதே நடக்கலாம். இருமும்போதும் புரண்டு படுக்கும்போதும் வலிக்காத பிறகு மெதுவாக ஓட ஆரம்பியுங்கள். அப்புறம் ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று பாடிப் பாருங்கள், பக்கத்தில் சுருக்கென்று பிடித்தால் இன்னும் ஆறவில்லை. பிடிக்காவிட்டாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டே ஆளைப் பிடிக்க இறங்குங்கள்.